பதினோராவது

சாட்ஸ்வர்த்தில் வீடு வாங்கினேன்.
சாவியோடு கார்க்கொட்டகை வந்தது.
கொட்டகையோடு, மேல்தட்டில்
பத்துப் புட்டிகள்.

விற்றவர் பெயர் வைத்திலிங்கம்.
பத்திரத்துக் கையெழுத்தாக மட்டும் அவரைத் தெரியும்.
அவருடைய கிரெசிடா எப்போதோ போய்விட்டது; தரையில்
அது நின்ற இடம் கறுத்துக் கிடந்தது,
யாரோ புரண்டு எழுந்த பாய் மாதிரி.

புட்டிக்குப் புட்டி வெள்ளை டேப். டேப்பில் பேனா.
"எஞ்சின். 82,000. ஈஸ்டருக்கு முன்."
"எஞ்சின். 90,000. லேடிஸ்மித் போய் வந்தபின்."
"கியர்."
"பிரேக். பெயின்ட்டில் படக்கூடாது."
"ரேடியேட்டர். விஷம்."
விஷத்தின் கீழே இரண்டு கோடு.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
காரின் அடியில் மல்லாந்து படுத்து
முகத்தில் சொட்டாமல் பிடித்து
எங்கே ஊற்றுவதென்று தெரியாமல், எங்கேயோ ஊற்றவும் மனமில்லாமல்
மூடி வைத்திருக்கிறார் மனிதர்.

பக்கத்து வீட்டு நேசன் சொன்னான்:
"மழை வரட்டும். கால்வாயில் விட்டுடு.
உம்லதுசானா இழுத்துக்கிட்டுப் போகும்.
கடலுக்கு என்ன, கணக்கா தெரியும்?"
கெட்டவன் இல்லை. என் கதவுக்குக் கீல் போட்டுத் தந்தவன்.
ஆனால் அந்த ஏப்ரல் வெள்ளத்தில்
அவன் முற்றத்தில்தான் வந்து ஒதுங்கின
ஒரு குழந்தைச் செருப்பு, அரை சோபா,
யார் வீட்டதோ ஃப்ரிட்ஜ் கதவு.

ரேடியேட்டர் நீர் பச்சை. தித்திக்குமாம்.
காலை ஆறரைக்கு எங்கள் கூரையில் குரங்குகள்.
ரொட்டி எடுக்கும், சோப்புக்கட்டியை எடுத்துக் கடித்துத் துப்பும்.
வயிற்றில் குட்டியைக் கவ்விய ஒன்று
கொட்டகைச் சன்னலில் உட்கார்ந்து
அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நாள்.
மூடி திருகத் தெரிந்த கை.

சனிக்கிழமை. கையுறை, பழைய துண்டு.
ஒழுகியதன் மேல் பூனை மணலைக் கொட்டினேன்;
மணல் குடித்துக் கறுத்தது.
பத்தையும் பின்பெட்டியில் நிமிர்த்தி,
இடையில் செய்தித்தாள் திணித்து,
என்னுடைய கேன் ஒன்றையும் ஓரமாய்ச் செருகி
இறக்கங்களில் இருபதில் ஓட்டினேன்.
பின்னால் டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தே களைத்தான்.

நகராட்சிக் கிடங்கில் லிண்டானி
மூடி மூடியாய்த் திறந்து முகர்ந்தான். டேப்பைப் படித்தான்.
"இந்த ஆள் எங்கே வேலை பார்த்தார்?"
"தெரியாது."
"இப்படி யாரும் கொண்டுவருவதில்லை."

எண்ணெய்க்கு ஒரு பீப்பாய். பிரேக்குக்கு வேறு. பச்சைக்கு வேறு.
லேடிஸ்மித் போய் வந்தது
கறுப்பு நூலாய் இறங்கியது,
சத்தமே இல்லாமல்.

பிறகு பதினோராவது. டேப் இல்லாதது.
முகர்ந்தவன் நிறுத்தினான்.
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தான்.
பால் அதிகமான காபி நிறம்.
"கலந்திருக்கு. இதை விட்டால் பீப்பாய் முழுக்கப் போச்சு.
யார் கலந்தது?"

வைத்திலிங்கம் என்று சொல்ல
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
பத்திரத்துக் கையெழுத்து எழுந்து வந்து மறுக்கவா போகிறது.

போன ஆகஸ்ட். என் கார். இருட்டிக்கொண்டு வந்தது.
இன்னொரு கேன் தேட அலுப்பு,
இருந்த கேனில் இடமிருந்தது.

"நான்தான்" என்றேன்.

அவன் திட்டவில்லை.
துண்டுத்தாளில் வேறோர் இடம் எழுதித் தந்தான்:
திங்கள் முதல் வியாழன் வரை, கட்டணம் உண்டு.
பின்பெட்டி இப்போது காலி, வைத்தால் உருளும்.
அதனால் முன்னிருக்கையில் ஏற்றி
பெல்ட் போட்டேன் அதற்கு.

வீட்டில் டேப் தேடி எடுத்தேன். பேனா.
"கலந்தது. ஆகஸ்ட். நான்."
ஒட்டவில்லை. கேன் முழுக்கப் பிசுக்கு.
துடைத்துவிட்டு
மறுபடி எழுதினேன்.